அரைச் சுற்று

ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு தடவை முக்குளித்து ஏறினவர்கள் மறுபடி இறங்குவதற்கு முன்னால் ரத்தத்தில் சேர்ந்த காற்று வடிய வேண்டும், அதற்கு ஒரு மணி நேரமாவது கரையில் உட்கார்ந்து சூடாக எதையாவது குடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது சட்டம். இந்தக் கூட்டத்தை நடத்துகிற ஹெதர், அறுபது வயதுக்காரி, முட்டை வேகவைக்க வைத்துக்கொள்கிற கடிகாரம் ஒன்றை அறுபதுக்குத் திருகித் தன் வேனின் பின்கதவில் தொங்கவிட்டிருந்தாள். சும்மா இருப்பதில், அதுவும் வாயைத் திறக்காமல் சும்மா இருப்பதில், இசக்கிமுத்துவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாற்பத்தாறு வருஷத்தில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான். இன்றைக்கு என்னவோ அந்தக் கடிகாரம் நேர் எதிரே தொங்கிக்கொண்டு டிக்கு டிக்கென்று அவனையே பார்க்கிறது. ஐம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் போய்விட்டது. இந்த எட்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மேலே வந்த உடனே, தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கலாம், வாயில் உப்புத் தண்ணீர் இருந்ததென்று ஒரு சாக்கு. கடலுக்குள் நீளுகிற துறைப்பாலத்தின், இவர்கள் பாஷையில் ஜெட்டியின், இரும்புப் படியில் ஏறும்போது சொல்லியிருக்கலாம், மூச்சு வாங்கியது. முந்நூறு மீட்டர் ஜெட்டியில் சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வரும்போது சொல்லியிருக்கலாம், காற்று அடித்தது. தெற்கேயிருந்து வருகிற காற்று. அந்தப் பக்கம் பனிக்கட்டி தவிர வேறு தேசமே இல்லை என்று கூட முக்குளிக்கிற கிரெய்க் சொல்லுவான். அக்டோபர் மாதம், அடிலெய்டுப் பக்கம் இது வசந்தமாம். பாளையங்கோட்டையில் மார்கழியில்கூட இப்படிப் பல் அடித்துக்கொண்டதில்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துண்டான ரப்பர் சட்டையை இடுப்பு வரைக்கும் உரித்துத் தொங்கவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு, தொப்பை மடிப்பில் உப்பு காய, கார் டிக்கியின் விளிம்பில் அவன் உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தொன்று.

கிரெய்க் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனான். அதுதான் தாங்கவில்லை. "பிரமாதம், ஐசக்" என்றான். இவர்கள் வாயில் இசக்கி ஐசக் ஆகிவிட்டது, அது போகட்டும். "பெண்டாட்டிக்குக் காற்று நின்றுபோனால் எவனுக்கும் கை கால் ஓடாது. நீ அப்படியே பாறை மாதிரி நின்றாய் பார், அதுதான் அவளைக் காப்பாற்றியது." இசக்கிமுத்து சிரித்தான். சிரித்தானா? சிரித்தான். அட வெட்கங்கெட்டவனே, ஒரு புன்னகை வேறு. பாறை மாதிரி நின்றது வாஸ்தவம்தான். ஏனென்றால் அவன் உறைந்துபோய்விட்டான். ஒன்பது மீட்டர் ஆழம், பழைய ஜெட்டியின் தூண்களுக்கு நடுவில், ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்ற கப்பல் வந்து நின்ற இடம். மேலே பலகையெல்லாம் இற்று விழுந்து தூண் மட்டும் நிற்கிறது, இப்போது ஆட்கள் நடப்பதெல்லாம் பக்கத்திலுள்ள புது ஜெட்டியில்தான். தூணைச் சுற்றி ஆரஞ்சும் மஞ்சளுமாக என்னென்னவோ அப்பிக்கொண்டு வளர்ந்திருக்கிறது, அதற்கு நடுவில் இலையும் தழையுமாக உடம்பு வைத்த ஒரு சாண் கடற்குதிரை. இதைப் பார்க்கத்தான் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறார்கள். பெண்டாட்டி வடிவு அதைத்தான் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரலை நீட்டி, குழந்தைக்கு நிலா காட்டுகிற மாதிரி. அந்த விரல் அப்படியே நின்றது. அப்புறம் அவள் கை கழுத்துக்கு வந்து குறுக்கே அறுத்துக் காட்டியது. காற்று இல்லை. கண்ணாடிக்குள்ளே அவள் கண் அத்தனை பெரிதாகி அவன் பார்த்ததேயில்லை, பிரசவத்தில்கூட. பயிற்சியில் பத்துத் தரம் செய்தது, அடுத்தவருக்கென்று தன் நெஞ்சில் தொங்குகிற மஞ்சள் காற்றுக்குழாயை எடுத்து அவள் வாயில் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கவில்லை. அவள்தான் நீந்தி வந்து அவன் நெஞ்சிலிருந்து அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். அவன் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, மெள்ள மெள்ள என்று கையால் அவனுக்குச் சொல்லி, அவனையும் சேர்த்து மேலே கொண்டுவந்தாள். மேலே வந்ததும் ஹெதரிடம், "இவர்தான் கொடுத்தார்" என்றாள். அவளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். இல்லை, அவன் மானத்தை மூடினாளோ? மூடினாலும் மூடியிருப்பாள்.

ஆனால் உறைந்துபோனது ஏன் என்பதுதானே விஷயம். பயத்தில் உறைந்தான் என்றால் மன்னித்துவிடலாம், பயம் எல்லாருக்கும் உண்டு. அவள் கை கழுத்தைத் தொட்ட அந்தக் கணம் அவனுக்குத் தெரிந்துபோய்விட்டது. யாருடைய வேலை என்று தெரிந்துபோய்விட்டது. அதனால் உறைந்தான். காலையில் ஜெட்டியின் நுனியில், படிக்கு மேலே, எல்லாரும் சாமான்களை மாட்டிக்கொண்டு நின்றபோது, ஜோடி ஜோடியாக ஒருத்தர் இன்னொருத்தரைச் சரிபார்க்க வேண்டும் என்பது வழக்கம். உன் உயிர் அவன் கையில், அவன் உயிர் உன் கையில் என்று ஹெதர் முதல் நாளே சொன்னது. பட்டி, கொக்கி, எடை, காற்று. முதுகிலுள்ள சிலிண்டரின் திருகை முழுக்கத் திறந்து அரைச் சுற்றுத் திரும்ப மூடி வைக்க வேண்டும். முழுக்கத் திறந்து அரைச் சுற்று. முழுக்கத் திறந்து அரைச் சுற்று. வடிவு எடை பெல்ட்டைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தாள். "நான் தொறந்துட்டேன்" என்றுகூடச் சொன்னாள், காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் நின்று திருகில் கை வைத்தான். திறந்திருக்கிற திருகு என்றால் அரைச் சுற்றில் நிற்க வேண்டும். அது திரும்பியது, திரும்பிக்கொண்டே போயிற்று, ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. அடேயப்பா, இவள் திறக்கவேயில்லை! அதுதான் நினைத்தான். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று ஒரு கணமாவது யோசித்தானா? பின்னால் நின்றால் வலம் இடம் அவனுக்கு எப்போதும் குழம்பும். நிற்கிற வரைக்கும் திருப்பி, அப்புறம் அரைச் சுற்று என்று நினைத்துக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்தான். மூச்சை இழுக்கச் சொல்லி, காற்றளவு காட்டுகிற முள் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஆடினால் காற்று சரியாக வரவில்லை என்று அர்த்தம். பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை தெரியுமா? சந்தோஷத்தில். அம்மணி மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோஷத்தில். அவனைவிட ஒன்றரை வருஷம் முன்னால் இதில் சேர்ந்து, அறுபது டைவ் முடித்து, ஹெதரே மெச்சுகிற வடிவு, சிலிண்டரைத் திறக்க மறந்துவிட்டாள், கண்டுபிடித்தது யார்? சாயங்காலம் நாலு பேர் வீட்டில் சேரும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒரு வரியைக்கூடத் தயார்பண்ணிக்கொண்டு தண்ணீரில் குதித்தான். இத்தனை அற்பம் தனக்குள் இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. தெரியாதா? நாற்பத்தேழு.

ஹெதர் மேலே வந்து அவள் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கால் சுற்றுக்கூடத் திறந்திருக்கவில்லை, மேல்மட்டத்தில் மூச்சு விடப் போதும், ஆழத்தில் போதாது" என்றாள். திட்டவில்லை. எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். வடிவு தன் வலது கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் இசக்கிமுத்துவால் மறக்க முடியவில்லை. கோபமோ பயமோ இருந்தால் சரி, அவள் அந்தக் கையை வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்தாள். "நான் தொறந்தேனே" என்றாள் தமிழில், யாரிடமும் இல்லாமல். "மூணு தரம் பாத்தேனே." அப்புறம் இங்கிலீஷில், மன்னித்துவிடுங்கள், என் தப்புதான் என்றாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் சுலபமான இடம் எதுவும் கிடையாது, இந்தா பிடி என்று வாயில் வைத்த மாதிரி இருந்தது. அவன் தன் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதை அத்தனை மும்முரமாகக் கழற்றினான், பார்க்கிறவர்கள் அதற்குள் தேள் இருக்கிறதோ என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது வடிவு காரின் முன்சீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கால் இரண்டையும் வெளியே தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். அவன் இருக்கிற இடத்திலிருந்து அவள் தோளும் ஈரமான கொண்டையும் தெரிகிறது. உதடு அசைகிறது. முதலில் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தான். காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது காதில் விழுந்தது. "அன்னபாக்கியம். ஆவுடைத்தங்கம். செண்பகவல்லி. ஜெயா பிரின்சஸ்." அவள் படித்த பத்தாம் வகுப்பின் வருகைப் பதிவேடு. நாற்பத்திரண்டு பேர், வரிசை மாறாமல் சொல்லுவாள், கல்யாணமான புதிதில் வேடிக்கைக்காகச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். இன்றைக்கு வேடிக்கை இல்லை, பரீட்சை. தனக்குத்தானே வைத்துக்கொள்கிற பரீட்சை. தள்ளுவண்டியை இழுத்து வரும்போது அவனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "அம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது." அத்தைக்கு அந்த மறதி நோய் நாற்பத்தொன்பதில் ஆரம்பித்தது. குழம்பில் இரண்டு தரம் உப்பு. பூட்டின கதவைத் திரும்ப வந்து பூட்டினது. கையில் சாவியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினது. எல்லாரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தாள். ஆறு வருஷம் கழித்து வடிவு பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஊட்டுத. நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டாள். வடிவு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து. கண்ணாடியைத் தேடினால்கூட ஒரு நிமிஷம் முகம் மாறும், கிடைத்ததும் மூச்சு விடுவாள். இந்த முக்குளிப்பில் அவள் வந்து சேர்ந்ததே அதற்குத்தான் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டே இருந்தால் மூளை மங்காது என்று எங்கோ படித்தாளாம். "தண்ணிக்குள்ள இருக்கும்போதுதாங்க எனக்கு நான் முழுசா இருக்க மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். அவன் டிவி பார்த்துக்கொண்டே ம் கொட்டினான்.

எழுந்தான். சொல்லிவிடுவோம். என்ன பெரிய கொலைக்குற்றமா, கை தவறிப்போச்சு, மனுஷன்தானே. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கார் பக்கமாக நடந்தான், ஏழெட்டு அடிதான், சரளைக்கல் வெறும் காலில் குத்தியது. முன்கதவருகே நின்றான். "பூரணம், மகராசி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"என்னங்க?"

"வடிவு..."

"ம்?"

"இட்லி சாப்பிடுதியா? பொடி தடவினது அப்படியே இருக்கு."

"வேண்டாம். நீங்க சாப்பிடுங்க. கிரெய்க்குக்கும் ரெண்டு குடுங்க, போன தரம் கேட்டான்லா." அப்புறம், அவன் திரும்பும்போது, "என்னங்க, நேத்து ராத்திரி நாம என்ன சாப்பிட்டோம்?"

"கோதுமை தோசை."

"தொட்டுக்க?"

"தக்காளிச் சட்னி."

"அதான். எனக்கும் அப்படித்தான் ஞாபகம்" என்றாள். நிம்மதியாகச் சொன்னாள். அவன் திரும்ப வந்து டிக்கியில் உட்கார்ந்து ஒரு இட்லியை எடுத்து வாயில் போட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தான். இட்லிக்காகவா நடந்தாய்? தூத்தேறி.

அந்தச் சமையல் கேஸை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாதென்று எத்தனை நாளாக வைத்திருக்கிற விஷயம், இன்றைக்கு ஒன்பது மீட்டர் ஆழத்தில் அவள் கை கழுத்தில் குறுக்கே ஓடினதும் முதலில் மேலே மிதந்து வந்தது அதுதான். இருபத்தொரு வருஷம். பாளையங்கோட்டை வீடு, சித்திரை மாதத்து மத்தியானம், எல்லாரும் படுத்திருந்தார்கள், வடிவுக்கு ஏழாம் மாசம், மேலே மாடி ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஆபீஸிலிருந்து பாதியில் வந்திருந்தான், டீ போடலாமென்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பர் பார்த்தான். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அம்மா கண்டால் பேசியே கொல்லுவாளே என்று துணியை எடுத்து மேடையைத் துடைத்து, மிச்சப் பாலைக் குடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, தடயமே இல்லாமல் சுத்தமாக வேலை பார்த்தான். அடுப்பின் குமிழை மட்டும் மூடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சாயங்காலம் வரும்போது வீடே கூடி நின்றது. அப்பாதான் வாடை பிடித்துக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். மத்தியானச் சமையல் பண்ணினது வடிவு, அவன் நடுவில் வந்துபோனது யாருக்கும் தெரியாது. "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டையே கொளுத்தப் பாத்தா உம் பொண்டாட்டி. ஸ்விட்சைப் போட்டிருந்தா அம்புட்டுப் பேரும் கரிக்கட்டை" என்று அப்பா கத்தினார். வடிவு சுவரில் சாய்ந்து நின்று, "நான் அணைச்சேனே, அணைச்ச மாதிரிதான் இருக்கு" என்றாள். முதலில் அணைச்சேனே. அப்புறம் அணைச்ச மாதிரி. நாலு நாள் கழித்து, "நான் அணைக்கலதான் போல" என்று அவளே சொல்லிவிட்டாள். அவன் அப்போதும் ஏதோ ஒரு காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பான். அன்றிலிருந்து அவள் தினமும் சமையல் முடிந்ததும் குமிழை மூன்று தரம் தொடுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அடிலெய்டு வந்து கரண்டு அடுப்பு ஆன பிறகும் தொடுகிறாள். கார்க் கதவு, இஸ்திரிப்பெட்டி, குழாய், எல்லாம் மூன்று தரம். பையன் வளர்ந்து கேலி பண்ணினான், "அம்மாவுக்கு மூணுதான் ராசி." இவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். அதுவும் ஒரு சிரிப்பு. அவள் கை மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லாமல் பண்ணினது யாரென்று தெரிந்துகொண்டே சிரித்த சிரிப்பு. அத்தைக்கு அந்த நோய் வந்தபோதுகூட, "எனக்குச் சின்ன வயசிலேயே இருந்திருக்கும் போலங்க, அன்னைக்கு கேஸ் விட்டேன்லா" என்றாள். அதற்கும் அவன் ம் கொட்டினான். முப்பத்திரண்டு.

ஹெதரிடம் சொல்லிவிட்டால் என்ன? அவளிடம் இங்கிலீஷில் சொல்லலாம். இங்கிலீஷில் சொன்னால் வெட்கம் அத்தனை உறைக்காது, ஏதோ ஆபீஸ் கூட்டத்தில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிற மாதிரி. அவள் போய் வடிவிடம் சொல்லிக்கொள்ளட்டும். நல்ல யோசனை. ஹெதர் வேனுக்குப் பின்னால் மண்டியிட்டு வடிவின் சிலிண்டரைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் நிமிர்ந்தாள். "வால்வில் கோளாறு எதுவும் இல்லை, ஐசக்" என்றாள். "இதைத்தான் யோசிக்கிறேன். வடிவு இந்த மாதிரி விடுகிற ஆள் இல்லையே. அவளை நீதானே சரிபார்த்தாய்?" இதைவிட நேரான கேள்வி எவனுக்கு வாய்க்கும்? ஆமாம் என்றால் தீர்ந்தது. இசக்கிமுத்துவின் வாய் திறந்தது, அதிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வந்தது: "அவள் ஏற்கெனவே திறந்துவிட்டதாகச் சொன்னாள்." அவள் சொன்னது நிஜம். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். கோர்ட்டில் நிற்கும். ஹெதர் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்படியா" என்றாள் வருத்தமாக, காரின் பக்கம் பார்த்தாள். "இன்றைக்கு அவள் மறுபடி இறங்க வேண்டாம், ஓய்வு எடுக்கட்டும் என்று சொல்லப்போகிறேன்." இதற்கு முன்னால் செய்ததெல்லாம் பேசாமல் இருந்ததுதான். இது பேசிச் செய்தது. திரும்பி நடக்கும்போது அவன் காதெல்லாம் சுட்டது, அந்தக் குளிரில்.

சரி, சொல்லாமலே விட்டால் என்ன ஆகிவிடும்? டாக்டரிடம் போவாள், ஸ்கேன் எடுப்பார்கள், ஒன்றும் இல்லை என்று சொல்லுவார்கள். அதோடு முடிந்தது. முடியுமா? ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால் நம்புகிறவளா அவள், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுவாள். தினம் காலையில் நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆஜர் எடுப்பாள். தண்ணீரில் இறங்க மாட்டாள். முழுசாக இருக்கிற இடம் ஒன்று இருந்தது, அதையும் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். சொன்னால்? சொன்னால் அவள் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறதே. கிரெய்க் பார்ப்பான். பாறை மாதிரி நின்றவன். ஹெதர் பார்ப்பாள், சற்று முன்னால் சொன்ன அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு பார்ப்பாள். இவர்களிடமெல்லாம் கடற்கரைக்காரன் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறான். என்ன கடற்கரை, திருச்செந்தூரில் முழங்கால் வரைக்கும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான், அதற்கு மேல் ஒரு அடி வைத்ததில்லை. ஜெட்டியின் மேலே தூண்டில் போடுகிற கிழவர் ஒருத்தர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அலை தூணில் அடித்து அடித்துத் திரும்பியது. துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டான். குளிர்தான் என்று அவன் சொல்லிக்கொண்டான். யாரிடம் சொல்லுகிறாய், மடையா? பத்து. ஒன்பது. வீட்டில் பிரஷர் குக்கர் விசிலை எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டிருந்தான், யாரோ எடுக்கட்டும் என்று.

மணி அடித்தது. சின்னக் கடிகாரம், ஊரைக் கூட்டுகிற மாதிரி அடித்தது. கிரெய்க்கும் மற்றவர்களும் ரப்பர் சட்டைக்குள் கையை நுழைக்கத் தொடங்கினார்கள். வடிவு காரை விட்டு இறங்கி அவனிடம் வந்தாள். ரப்பர் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள், சேலைக்கடையில் மடிக்கிற மாதிரி அத்தனை ஒழுங்காக.

"நீங்க கிரெய்க்கோட போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

"நீ?"

"நான் இனிமே இறங்கலைங்க. இன்னைக்கு நீங்க இருந்தீங்க, தப்பிச்சேன். நாளைக்கு நான் வேற யாருக்காவது பாத்துவிடணும்லா, அவங்க வால்வை நான் மறந்துட்டேன்னா?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. யோசித்து முடித்த குரல். "திங்கக்கிழமை டாக்டருக்கு போன் போட்டுருங்க. அப்புறம் ஒண்ணு. எனக்கு முத்திப்போச்சுன்னா என்னைய எங்கயாவது ஹோம்ல வச்சிருங்க. அம்மாவ நான் வச்சுப் பாத்தேன்லா, அந்தக் கஷ்டம் உங்களுக்கும் பையனுக்கும் வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சொல்ல ஞாபகம் இருக்குமோ என்னமோ." சிரிக்கப் பார்த்தாள்.

"வால்வ நாந்தான் மூடுனேன்."

எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. அத்தனை நேரம் ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் அது இல்லை.

"என்னது?"

"நீ தொறந்துதான் வச்சிருந்த. நான் செக் பண்ணுறேன்னு தப்பான பக்கம் திருப்பிட்டேன். முழுசா மூடிக் கொஞ்சம் தொறந்தேன். நீ ஒண்ணும் மறக்கல, வடிவு. கீழ வச்சே எனக்குத் தெரியும். குழாயக்கூட நான் குடுக்கல, நீயாத்தான் எடுத்த. ஹெதர் கேட்டப்பவும் சொல்லல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துகொண்டு வந்தது, வாய் கோணிக்கொண்டு போய்ச் சிரிப்பாயிற்று. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள். "நான் தொறந்தேன்லா? மூணு தரம் பாத்தேன்லா? அதான! அதான பாத்தேன்!" மடித்த சட்டையால் அவன் கையில் பட்டென்று ஒரு அடி அடித்தாள். "பாவி மனுஷா, ஒரு மணி நேரமா என்னைய உசுரோட கொன்னுட்டீங்களே!" அழுதுகொண்டே சிரித்தாள். கிரெய்க் தூரத்திலிருந்து என்னவோ ஏதோவென்று பார்த்தான். இசக்கிமுத்துவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பாடு, தானும் சிரிக்கலாமா என்று வாயைத் திறந்தான்.

இரண்டாவது அடிக்கு ஓங்கின அவள் கை அங்கேயே நின்றது. காலையில் கடற்குதிரையைக் காட்டின விரல் நின்ற மாதிரியே நின்றது.

"என்னங்க" என்றாள். "அன்னைக்கு அந்த கேஸு."

ஒரு பொய் போதும். எந்தக் கேஸு என்று கேட்டால் போதும், அதற்கு மேல் அவள் கேட்க மாட்டாள், அவளே விட்டுவிடுவாள், அவன் பொய்யைத் தாங்கி நிற்பதற்கு அவள் எப்போதும் ஒரு தோள் கொடுப்பாள். அவன் தன் கால் விரல்களைப் பார்த்தான். கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை, வெறும் கால்.

"பால் வச்சேன். டீ போடலாம்னு" என்றான்.

அவள் திட்டினால் நன்றாயிருக்கும். காறித் துப்பினால்கூட நன்றாயிருக்கும். மடித்த சட்டையை விரித்து உதறி, ஒரு காலை விட்டு, இன்னொரு காலை விட்டு, மேலே இழுத்து மாட்டிக்கொண்டாள். ஹெதர் வந்து, நீ இறங்க வேண்டாமே என்று தொடங்கினபோது, வால்வை மூடியது என் புருஷன், எனக்கு ஒன்றுமில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள், அவனைப் பார்க்காமல். ஹெதர் அவனைப் பார்த்தாள். கிரெய்க்கும் பார்த்தான். பார்க்கட்டும்.

தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு அத்தனை பேரும் ஜெட்டியின் நுனிக்குப் போனார்கள். பலகை இடுக்கில் சக்கரம் தடக் தடக்கென்றது. சாமான்களை மாட்டிக்கொண்டார்கள். வடிவு அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். பட்டியை இழுத்துப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், எடையைப் பார்த்தாள். அப்புறம் அவன் தலைக்குப் பின்னால் திருகு முனகுகிற சத்தம், முழுக்க, பிறகு அரைச் சுற்று. "மூச்சு இழுங்க" என்றாள். இழுத்தான். முன்னால் வந்து முள்ளைப் பார்த்தாள். ஆடவில்லை. சரி என்று தலையை அசைத்தாள். அவன் காத்திருந்தான். இன்னும் இரண்டு தரம் தொடுவாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, இருபத்தொரு வருஷப் பழக்கம். அவள் தொடவில்லை. ஒரே ஒரு தரம்தான்.

இனி அவன் முறை. கை தானாக எழுந்து அவள் முதுகுப் பக்கம் நீண்டது. வடிவு அதற்குள் திரும்பிப் போயிருந்தாள். நாலடி தள்ளி ஹெதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "என்னுடையதை நீ பார்க்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.